மலேசியா முட்டை சம்பல்

"மாமாவை மட்டும் கிச்சன் பக்கம் விட்டுடாத. முட்டை உரிக்கக்கூடத் தெரியாத மனுஷன்" என்று சொல்லிவிட்டுத்தான் ஜெயசீலி மகனோடு சர்ச்சுக்குக் கிளம்பினாள்.

ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த எட்மண்டின் காதில் அது விழாமல் இருந்திருக்காது. அவர் பக்கத்தைத் திருப்பினார், அவ்வளவுதான்.

மருமகள் டெபோராவுக்குத்தான் சுருக்கென்றது. கல்யாணமாகிச் செம்பாக்கத்துக்கு வந்த இந்த இரண்டு மாதத்தில் இது எத்தனையாவது தடவையோ. அத்தை ரிட்டயர்டு டீச்சர். சபையில் எல்லோருக்கும் நல்லவள், மருமகளிடமும் தங்கமானவள். கட்டின புருஷன் விஷயத்தில் மட்டும், அதுவும் நாலு பேர் இருக்கும்போது, நாக்கு நீண்டுவிடும். காபி போடத் தெரியாது, கேஸ் பற்றவைக்கத் தெரியாது, பத்தொன்பது வருஷம் மலேசியாவில் சூப்பர்வைசராக இருந்து என்ன பிரயோஜனம் என்பாள். அந்த மனிதரும் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொள்வார்.

அவரைச் சந்தோஷப்படுத்தத்தான் இன்றைய மெனுவே. மதியம் ஜெயசீலியின் அக்காவும் அக்கா புருஷன் காலேபும் சாப்பிட வருகிறார்கள். டெபோரா காலை ஆராதனைக்கே போய்வந்துவிட்டு, தேங்காய்ப்பால் சாதமும் மலேசியா முட்டை சம்பலும் தானே செய்வதாக ஏற்றுக்கொண்டிருந்தாள். யூடியூபில் நாலு தடவை பார்த்தாயிற்று.

பார்க்கும்போது எல்லாம் சுலபமாகத்தான் இருந்தது. ஊறவைத்த காய்ந்த மிளகாயை வெங்காயம், பூண்டோடு அரைத்து வாணலியில் போட்டதும் நெடி ஏறித் தெருவே இருமியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்ப்பதற்குள் விழுது அடிப்பிடித்துக் கறுத்துவிட்டது.

மணி பன்னிரண்டு. ஒரு மணிக்கு விருந்தாளிகள். காலேப் பெரியப்பா ஹெட்மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர், சாப்பாட்டுக்கும் மார்க் போடுகிற ஆள். டெபோராவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"தள்ளிக்கம்மா."

எட்மண்ட் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்.

கருகியதைக் கொட்டிவிட்டு வேறு வாணலி வைத்தார். புதிதாக மிளகாய் எடுத்து, விதையை உதறி, வெந்நீரில் போட்டார். அது ஊறுவதற்குள் அலமாரியில் இருந்த சென்னாக்கூனியை, அந்தப் பொடி இறால் கருவாட்டை, வறுத்துக் கையாலேயே நுணுக்கினார். அரைத்த விழுதைத் தாராளமான எண்ணெயில் போட்டு, தீயைக் குறைத்து, எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை கிளறினார். கூனிப்பொடி, புளிக்கரைசல், கொஞ்சம் வெல்லம். வேகவைத்த ஒரு டஜன் முட்டையையும் அவர் உரித்த வேகத்தை அவள் எந்த வீடியோவிலும் பார்த்ததில்லை. முட்டைகளை மேல்தோல் பொரியும்படி எண்ணெயில் புரட்டி எடுத்துச் சம்பலில் சேர்த்தார்.

"மாமா, நீங்க எப்படி..."

அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னார். திருமுடிவாக்கத்தில் அவர் வேலை பார்த்த பட்டறையை மூடியபோது, சூப்பர்வைசர் வேலை என்று சொல்லித்தான் ஏஜென்ட் அனுப்பினான். மலேசியாவில் கிளாங் என்ற ஊரில் போய் இறங்கினால் ஒரு சாப்பாட்டுக்கடையின் அடுப்படி. பத்தொன்பது வருஷமும் அங்கேதான் ஓடியது. ஊரிலோ பெண்டாட்டி டீச்சர், சகலை ஹெட்மாஸ்டர். உண்மையைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"அத்தைக்குத் தெரியக்கூடாதும்மா. இத்தனை வருஷம் பொய் சொல்லிட்டேன். இப்ப தெரிஞ்சா அவ முகத்துல முழிக்க முடியாது."

மூச்சு விடமாட்டேன் என்று டெபோரா வாக்குக் கொடுத்தாள்.

சாப்பாட்டு மேஜையில் எல்லோருக்கும் மூக்கில் தண்ணீர், இருந்தும் கை நிற்கவில்லை. காலேப் மூன்றாவது முட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, இது புதுப்பெண் கைமணமாகத் தெரியவில்லையே என்று இழுத்தார். பிறகு எட்மண்ட் பக்கம் திரும்பினார்.

"என்ன சகலை, நீங்க கரண்டி பிடிச்சீங்களா? மலேசியாவுல நிஜமா உங்களுக்கு அதுதான் வேலையோ?"

விளையாட்டாகத்தான் கேட்டார். எட்மண்டின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

டெபோரா வாயைத் திறப்பதற்குள் ஜெயசீலி சிரித்தாள்.

"இவரா? நல்லாக் கேட்டீங்க அத்தான். உப்பு எது, சர்க்கரை எதுன்னு நாக்குல வச்சுப் பார்த்தாத்தான் இவருக்குத் தெரியும்."

மேஜையே சிரித்தது. பேச்சு உடனே வேறு பக்கம் போய்விட்டது. எட்மண்டும் குனிந்துகொண்டு சிரித்துவைத்தார்.

மாமா சமைத்தது என்று தெரியாமலே வழித்துச் சாப்பிட்டுக்கொண்டு அவரையே கேலி பேச அத்தைக்கு எப்படி மனசு வருகிறது என்று டெபோராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாக்குக் கொடுத்துத் தொலைத்தோமே என்றிருந்தது.

விருந்தாளிகள் போனபின், பாத்திரம் கழுவும்போது கேட்டேவிட்டாள்.

"ஏன் அத்தை, எல்லார் முன்னாடியும் மாமாவை இப்படி மட்டந்தட்டுறீங்க? பாவமா இல்லையா உங்களுக்கு?"

ஜெயசீலி குழாயை மூடினாள். ஹாலில் எட்மண்ட் தூங்கிவிட்டாரா என்று எட்டிப்பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் லீவுல வருவாரு. அந்தப் பெட்டித் துணியெல்லாம் துவைச்சவ நான். ஒவ்வொரு சட்டையிலயும் இன்னிக்கு வந்த இதே நெடிதான். அவரா ஒருநாள் சொல்லட்டும்னு காத்துக்கிட்டிருக்கேன். அதுவரைக்கும் வேற யாரும் துருவிக் கேட்டு அவரைத் தலைகுனிய வச்சிடக் கூடாதில்ல, அதான் சமையலே தெரியாதவர்னு நான் முந்திக்கிறேன்."