கொம்பு மட்டும்

காளைகளையே வரைந்து வரைந்து ஓவியர் மகிமைதாஸுக்குக் ‘காளைதாஸ்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. அந்தப் பெயரை ஒட்டவைத்தவர் அவர் படங்களை விற்றுக்கொடுக்கும் வள்ளியப்பன். இந்த முறை மகிமைதாஸ் பிடிவாதமாக வெறும் கடலை வரைந்து வைத்திருந்தார்.

“காளை எங்க சார்?”

“கடல்ல முங்கிடுச்சு.”

வள்ளியப்பன் கோபப்படவில்லை. படத்தைக் கொஞ்ச நேரம் ரசித்தார். “பிரமாதம். கொம்பு மட்டும் வெளிய தெரியட்டும்.”

தூரிகையையும் அவரே எடுத்துக் கொடுத்தார். மகிமைதாஸ் அலைக்கு மேலே இரண்டு கொம்புகளை வரைந்தார். வரைந்த பிறகுதான், தண்ணீருக்கடியில் காளை உயிரோடு நிற்பது அவருக்கு உறைத்தது. மூச்சு விட மூக்கையாவது மேலே கொண்டுவந்துவிட வேண்டுமென்று அவசரமாகத் தூரிகையை வண்ணத்தில் தோய்த்தார்.

“போதும் சார்.” வள்ளியப்பன் அவர் மணிக்கட்டைப் பிடித்துப் படத்தின் மூலைக்கு நகர்த்தினார். “கையெழுத்துப் போடுங்க.”