கிளிக்கு மறந்துபோன பதில்

எல்.கே.ஜி. வகுப்பில் கைப்பொம்மைக் கிளி ரொம்ப நாளாக ஆணியில் தொங்கியது. டீச்சர் உள்ளே கை நுழைத்தால்தான் அதற்குப் பேச்சு வரும்.

"எனக்கு எவர் கையும் வேண்டாம். கேள்வி, பதில், கைதட்டல் எல்லாம் நானே" என்று இப்போது பாடம் நடத்தும் வகுப்பு டிவி அதைச் சீண்டும்.

பிள்ளைகள் வீட்டில் வாயே திறப்பதில்லை என்று பெற்றோர் சண்டைக்கு வந்தார்கள். டிவி அணைந்தது. டீச்சர் கிளியைக் கையில் மாட்டிக்கொண்டார்.

"காக்கா என்ன நிறம், கண்ணுங்களா?" என்றது கிளி.

டிவியைப் போல பதிலையும் அதுவே சொல்லும் என்று பிள்ளைகள் காத்திருந்தார்கள். டீச்சரின் கை தளர்ந்தது. இனி நம்மை எடுக்கவே மாட்டார்கள் என்று கிளி பயந்தது.

நறுமுகை என்ற சிறுமி எழுந்து வந்து அதன் காதில் கிசுகிசுத்தாள்.

"மறந்துட்டியா? கறுப்பு. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."