முதுகில் மண்

துரைக்கண்ணுவின் முதுகில் இன்றைக்கும் மண் இருந்தது.

தாயாரம்மாளின் காப்பிக் கடை வாசலில், விடிந்தும் விடியாத வெளிச்சத்தில், முனியன் அதைப் பார்த்துவிட்டார். தோள்பட்டையிலிருந்து இடுப்பு வரை ஈரச் செம்மண் அப்பியிருந்தது. துரைக்கண்ணு காப்பியைக் குடித்தார், துண்டை உதறித் தோளில் போட்டார், யாரிடமும் பேசாமல் நடையைக் கட்டினார்.

முனியனுக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? குஸ்தியில் முதுகு மண்ணில் பட்டால் தோல்வி. அந்தக் காலத்தில் திருத்தணியில் துரைக்கண்ணு பயில்வானின் முதுகை மண்ணில் வைத்த ஆம்பிளை கிடையாது. இளவயது முழுக்க முனியன் முட்டி மோதிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் மண்ணைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போனது முனியனின் முதுகுதான்.

"எவனோ தெனமும் அவனப் போட்டுப் பொரட்டிகினு கீறான் தாயாரு."

"அறுபது தாண்டின மனுசன் கூட எவண்ணா குஸ்தி போடுவான்? வேலையத்தவனா?" என்றாள் தாயாரம்மாள், அடுப்பை ஊதிக்கொண்டே.

"சண்ட நடக்குதுன்னு பட்டாளத்துக்கு ஆள் எடுக்கறாங்களே, அதுக்கு ஒடம்பத் தேத்தற பசங்கள்ல ஒருத்தனா இருக்கும். எவனா இருந்தா இன்னா? நான் செய்ய வேண்டியத அவன் செஞ்சுட்டான்!"

"ஆடிலேர்ந்து அவுரு ஒரு மாதிரிதான் கீறாரு. கிருத்திகைக்குக்கூட மலையேறல. ஒரு வருசம் தவறவுட்டதில்லயே!"

"பொண்டாட்டி போனதுல சாமி மேல கோவமா இருக்கும்."

"இருக்கும், இருக்கும். ரஞ்சிதக்கா போனப்பறம் ஒண்டிக்கட்ட. உங்களுக்கின்னாண்ணா, மகன், மருமவளுன்னு வூடு நெறைய ஆளு. ஆமா, மருமவ போடற காப்பி புடிக்கலியா? கண்டிகைலேர்ந்து இம்மாந்தூரம் நடந்து வர்றீங்களே!"

"ஆங்... ஆங்..." என்றார் முனியன். மத்தியானத்துக்கும் சேர்த்து இட்லி கட்டித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

அன்று முழுக்க அவருக்கு வேறு நினைப்பே ஓடவில்லை. ஒரு பொடியனால் முடிகிறதென்றால் துரைக்கண்ணு தளர்ந்துவிட்டான் என்றுதானே அர்த்தம்? அப்படியானால் தன்னாலும் முடியும். சாவதற்குள் ஒரே ஒரு தடவை, போதும்.

மறுநாள் கருக்கலில் துரைக்கண்ணு வீட்டுக் கொல்லைச் சுவருக்குப் பின்னால் முனியன் நின்றார். வேட்டிக்குள் பழைய குஸ்தி லங்கோட்டை இறுக்கிக் கட்டியிருந்தார். அந்தப் பொடியன் முடித்துவிட்டுப் போனதும் தான் இறங்க வேண்டியதுதான் என்று திட்டம்.

துரைக்கண்ணு வந்தார். குஸ்திக் கோதாவாகக் கொத்தி வைத்திருந்த மண்ணில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றினார். குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பொடியன் வரவில்லை. யாருமே வரவில்லை.

துரைக்கண்ணு தானாகவே உட்கார்ந்து, மெல்லச் சாய்ந்து, மல்லாந்து படுத்தார். கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தபடி கிடந்தார். பிறகு ஒருக்களித்தார், முழங்கையை ஊன்றினார், சறுக்கி மறுபடியும் விழுந்தார். திரும்ப ஒருக்களித்து, முட்டி போட்டு, தொடையைப் பிடித்துக்கொண்டு ஒருவழியாக எழுந்து நின்றபோது அவருக்கு மூச்சு வாங்கியது. நின்று முடித்ததும் மறுபடியும் படுத்தார்.

முனியனால் பொறுக்க முடியவில்லை. படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

"எங்கடா அவன்?"

"எவன்?" என்றார் துரைக்கண்ணு, படுத்தபடியே.

"உன்னப் போடறவன்!"

"எவனும் இல்ல. நானேதான் படுத்துக்கறேன்."

"புத்தி கெட்டுப்போச்சாடா? பயில்வான் எவனாவது தானாப் போயி முதுக மண்ணுல வெப்பானா?"

துரைக்கண்ணு சிரித்தார். ஒருக்களித்து, முட்டி போட்டு, எழுந்து உட்கார்ந்தார்.

"ஆடிக் கிருத்திகை அன்னிக்கு இதோ இந்தக் கெணத்தாண்ட வழுக்கி வுழுந்தேன் முனியா. எழுந்துக்க முடில. பொழுது சாயற வரைக்கும் மல்லாக்கக் கெடந்தேன். தொண்ட கிழியக் கத்தினேன். ஊரே காவடியோட மலை மேல. அரோகரா சத்தம் இங்க வந்துச்சு, என் சத்தம் அங்க போவல. பயந்துட்டேண்டா."

முனியன் கிணற்றடியைத் திரும்பிப் பார்த்தார்.

"அடுத்தவனக் கீழ போடத்தான் நம்ம வாத்தியாரு சொல்லிக் குடுத்தாரு. அதுதான் பலம்னு நெஞ்ச நிமித்திகினு திரிஞ்சேன். வுழுந்தா எழுந்துக்கறதுக்கு யாரும் சொல்லித் தரல. இப்ப எனக்கு அது போதும். தூக்கி வுட ஆளு இல்லயே." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி, நீ வூட்டுக்குப் போ. மருமவ தேடப் போறா."

முனியன் போகவில்லை. சட்டையைக் கழற்றினார். வேட்டியையும் அவிழ்த்துச் சுவரில் போட்டார்.

லங்கோட்டைப் பார்த்ததும் துரைக்கண்ணுவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அடேய், குஸ்தி போடவா வந்தே? சரியான சமயந்தான். வா, ஒரு தட்டு தட்டினா வுழுந்துடுவேன். உன் ஆச தீரட்டும்."

முனியன் கோதாவில் இறங்கினார். ஈர மண் காலுக்குச் சில்லென்றிருந்தது. துரைக்கண்ணுவை அவர் தொடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தார், கையை ஊன்றி மெல்லத் தன் முதுகை மண்ணில் சாய்த்தார்.

"மகனும் மருமவளும் அரக்கோணத்துக்குக் குடி போயி ஒரு வருசமாவுது," என்றார். "தள்ளிப் படுடா, நானும் பழகிக்கறேன்."