வெட்டுச்சாவு அடி

அரசர் காய்ச்சலில் இறந்துவிட்டார் என்று அறிவிக்கச் சொல்லித்தான் சடையனைப் பறையோடு நாற்சந்திக்கு அனுப்பினார்கள். அந்த ஊரில் நோயில் போனவருக்கு ஓர் அடி, ஆயுதத்தால் போனவருக்கு வேறோர் அடி. சடையனின் வாய் காய்ச்சல் என்றது. கை வெட்டுச்சாவு அடித்தது. கடைகளைச் சாத்திவிட்டு ஊரே அரண்மனை வாசலில் வந்து நின்றது.

தோளில் தொங்கிய பறையைக் கழற்றக்கூட விடாமல் அவனைப் புதிய அரசன் முன் நிறுத்தினார்கள். இறந்தவரின் தம்பி அவன். அரியணைக்குப் பின்னால் தளபதி நின்றான். தம்பி சொல்லி அண்ணனைக் குத்தியவன்.

"எங்கண்ணன் உனக்கு அப்படி என்னடா செஞ்சாரு?"

சடையன் திரும்பி முதுகைக் காட்டினான். தோளிலிருந்து இடுப்பு வரை சாட்டைத் தழும்புகள்.

"இதைச் செஞ்சாரு சாமி. திருவிழாவுல ஒரு அடி பிசகிப்போச்சுன்னு. அதுக்கப்புறம் நான் பிசகினதே இல்ல."

"பின்ன எதுக்குடா அவருக்காக உசுரை விடப் பாக்குறே?"

"அவருக்காக இல்லீங்க. எப்படிச் செத்தாரோ அப்படித்தான் அடிக்கணும். நாளைக்கு உங்களை யாராவது குத்துனாலும் காய்ச்சல்னுதான் அடிக்கச் சொல்லுவாங்க. அப்பவும் நான் அடிக்க மாட்டேன்."

தளபதி வாளை உருவிக்கொண்டு உத்தரவுக்குக் காத்திருந்தான். அரசன் உத்தரவு கொடுக்கவில்லை. மெல்லத் திரும்பி, அந்த வாளையும் அதைப் பிடித்திருந்த கையையும் பார்த்துக்கொண்டே இருந்தான்.