ஆறாவது டேக்

"நிறுத்துங்க, நிறுத்துங்க! மறுபடியும் அந்தச் சத்தம் வந்துடுச்சு."

தூணுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டிக் கத்தினான் அன்பழகன். சலோமி வயலினைத் தோளிலிருந்து இறக்கினாள். ஹார்ப்சிகார்டின் முன்னால் உட்கார்ந்திருந்த கிறிஸ்டி நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டான்.

"அது என்ன மாதிரி சத்தம்ணே?"

"தப், தப்புன்னு கேக்குதும்மா. மெதுவா வாசிக்கிறப்ப ஒண்ணுமில்ல. நீங்க வேகமெடுத்தா அதுவும் கூடவே கெளம்பிடுது."

தலத்தெரு மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்ததிலிருந்து இதே கதைதான். முன்னூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு சொனாட்டா, வயலினும் ஹார்ப்சிகார்டும் சேர்ந்து வாசிக்கிற இசைக்கோவை. பன்னிரண்டு நிமிஷம். வெட்டாமல் ஒட்டாமல் ஒரே மூச்சில் வாசித்துப் பதிவு செய்து, மாலை ஐந்து மணிக்குள் பிரான்சிலுள்ள இசைக் கல்லூரிக்கு அனுப்பியாக வேண்டும். போன வருஷம் சலோமிக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் வயது வரம்பு தாண்டிவிடும். பாண்டிச்சேரியிலிருந்து இரவல் வாங்கிவந்த ஹார்ப்சிகார்டைத் திரும்ப ஏற்றிப்போக வேன் பன்னிரண்டு மணிக்கு வந்துவிடும்.

அந்தப் பெட்டியை அன்பழகன் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தான். பார்வைக்குப் பியானோவின் தம்பி மாதிரி இருந்தது. ஆனால் உள்ளே சுத்தியல் கிடையாது. கட்டையை அழுத்தினால் ஒரு சின்ன நகம் கம்பியை மீட்டிவிட்டு இறங்குகிறது. கடற்காற்றின் ஈரத்துக்கு அரைமணிக்கொரு தரம் சுருதி வேறு விலகியது. கிறிஸ்டி சுருதி கூட்டும் சாவியும் கையுமாக அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

அன்பழகன் இருபது வருஷமாகக் கச்சேரிகளுக்கு மைக் கட்டுகிறவன். மாங்கனித் திருவிழாவில் நாகஸ்வரம், தவில் என்றால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். "இந்த வெள்ளைக்காரன் சங்கீதம் எனக்கு ஒத்துவராதும்மா. தலையும் புரியாது, வாலும் புரியாது. ஆனா சத்தத்தை மட்டும் சுத்தமாப் புடிச்சுத் தந்துடுவேன்" என்று சொல்லித்தான் இந்த வேலையையே ஒப்புக்கொண்டிருந்தான். லேப்டாப்பின் இரைச்சல் மைக்குக்குப் போய்விடாதபடி தூணுக்குப் பின்னால், பக்கத்து ஜன்னலோரம் ஸ்டூலைப் போட்டிருந்தான். ஹெட்போனை மாட்டிவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு கேட்பது அவன் வழக்கம்.

முதல் டேக் கெட்டதும் மின்விசிறிகளை நிறுத்தினார்கள். இரண்டாவதும் கெட்டதும் ஜன்னல்களை மூடிக் கொக்கி போட்டார்கள். மூன்றாவதும் போச்சு என்றதும், அன்பழகனின் பார்வை கடைசி பெஞ்சில் போய் நின்றது. சலோமியின் அப்பா சவரிநாதன் அங்கே உட்கார்ந்திருந்தார். மின்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் வாசிப்பதைக் கேட்கப் புது வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"ஐயா, தப்பா நெனச்சுக்காதீங்க. காலை ஆட்டுறீங்களோ?"

"இல்லையே தம்பி."

"நமக்கே தெரியாம ஆடும்ய்யா. வாசிக்கிறது பெத்த பொண்ணாச்சே. நீங்க கொஞ்சம் வெளில இருங்களேன்."

சலோமியின் முகம் வாடிப்போனது. பெரியவர் எழுந்து வெயிலில் இறங்கிப் போனார்.

நான்காவது டேக். முதல் பகுதி அருமையாகப் போனது. இரண்டாம் பகுதி வேகமெடுத்தது. தப், தப், தப்.

"அதான் அப்பாவ வெளில அனுப்பிட்டீங்களேண்ணே!" சலோமிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அப்படின்னா கிறிஸ்டி தம்பி காலுதான்."

"என் காலா? செருப்பையே கழட்டி வச்சுட்டுத்தான் உக்காந்திருக்கேன்!"

ஐந்தாவது டேக்கில் கிறிஸ்டி இரண்டு காலையும் நாற்காலிக்காலில் பின்னிக்கொண்டு வாசித்தான். அப்போதும் வந்தது அந்தப் பாழாய்ப்போன சத்தம். சலோமி வில்லை வைத்துவிட்டு அழுதேவிட்டாள். மணி பதினொன்றரை. இன்னும் ஒரே ஒரு தரம் வாசிக்கத்தான் நேரமிருந்தது. இருபது வருஷத் தொழிலில் இப்படி ஒரு அவமானம் அன்பழகனுக்கு நேர்ந்ததில்லை.

கதவை மெல்லத் திறந்துகொண்டு சவரிநாதன் உள்ளே வந்தார்.

"தம்பி, இந்த ஒரு தடவ உங்க பக்கத்துல உக்காந்துக்குறேனே. மூச்சுகூட விட மாட்டேன்."

அன்பழகன் தயங்கினான்.

"இருக்கட்டும்ணே" என்றாள் சலோமி கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எப்படியும் கெடைக்கப்போறதில்ல. அப்பாவாவது கேட்டுட்டுப் போகட்டும்."

ஆறாவது டேக் தொடங்கியது. முதல் பகுதி முடிந்து, அடுத்தது வேகமெடுக்கப் போகிற நேரம், பெரியவர் சட்டென்று அன்பழகனின் வலது கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல இறுக்கமான பிடி. பாவம், மகளுக்காக எப்படிப் பதறுகிறார் மனிதர் என்று அன்பழகனுக்கு மனசு இளகிவிட்டது. இவரைப் போய் வெயிலில் நிறுத்தினோமே என்று வெட்கமாக இருந்தது. கையை அவரிடமே விட்டுவிட்டான். வயலினும் ஹார்ப்சிகார்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடின. கடைசிச் சுரம் கூரையில் போய் அடங்கியது.

ஒரு பொட்டுச் சத்தம் இல்லை.

"கெடச்சுடுச்சும்மா!" என்று அன்பழகன் கூவினான். சலோமி சிரித்துக்கொண்டே மறுபடியும் அழுதாள்.

வேனில் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தபோது, வயரைச் சுருட்டியபடியே அன்பழகன் பெரியவரிடம் போனான்.

"மன்னிச்சுக்குங்கய்யா, உங்களைப் போய் சந்தேகப்பட்டுட்டேன். ஆமா, என் கையை அப்படிப் புடிச்சுக்கிட்டீங்களே, அவ்வளவு பயமா?"

சவரிநாதன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பயமெல்லாம் இல்ல தம்பி. வெளில நின்னப்பதான் ஜன்னல் கண்ணாடி வழியாப் பாத்தேன். பாட்டு வேகமெடுத்தாப் போதும், கண்ணை மூடிக்கிட்டு நீங்கதான் தொடையில தட்டித் தட்டித் தாளம் போடுறீங்க."