சாயத்தண்ணி

கொழும்பிலிருந்து வந்த தேயிலைக்காரர் ஹல்துமுல்லைக்கு மேலே தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் வாசலில் நிற்கிறார். கையில் ஒரு பிடி மண். பாறைமேல் இது மெல்லிசாகக் கிடக்கிறதாம், மழைத்தண்ணீர் நிற்காமல் அடியில் இறங்கிவிடுகிறதாம், அதனால்தான் எங்கள் கொழுந்துக்கு இந்த வாசனையாம். இறங்குகிற தண்ணீர் எங்கே போகிறது என்று அவர் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்கு அடியில் போகிறது. மருமகள் விஜயலெட்சுமி காலையில் மண் குழைத்து அடைத்த தரை வெடிப்பு, மத்தியானத்துக்குள் மறுபடி வாய் பிளந்து கிடக்கிறது. கதவு நிலையில் இறுகிக்கொண்டு சாத்த வரமாட்டேன் என்கிறது. பக்கத்துத் தோட்டத்தில் ஊற்றுத் தண்ணீர் கலங்கி வந்த மறுநாள், மலை சரிந்து இறங்கி அங்கிருந்த லயத்தையே மூடிவிட்டது. "நம்ம ஊத்து தெளிவாத்தானே வருது மாமா, ஏன் சும்மா பயமுறுத்துறீங்க?" என்று அந்த ஒன்றையே பிடித்துக்கொண்டு இங்கேயிருந்து கிளம்ப மாட்டேன் என்கிறாள் இவள். இப்போது ஊற்றுப் பீலியில் கேத்தலிலேயே தண்ணீர் பிடித்து வந்து, வந்தவருக்காக அடுப்பில் வைத்திருக்கிறாள். அடுப்படியில் ஒரே இருட்டு, புகை. தேயிலைக்காரர் குனிந்து உள்ளே வந்து போன் வெளிச்சத்தைக் கேத்தலுக்குள் அடிக்கிறார். ஆவிக்கு அடியில் செம்பழுப்பாகக் கொதிக்கிறது தண்ணீர்.

"அடேயப்பா, சாயம் என்னமா எறங்கியிருக்கு! இதுதாம்மா ஊவாத் தேயிலை."

விஜயலெட்சுமி அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கிறாள். தேயிலை டின் திறக்காமல் அவள் கையிலேயே இருக்கிறது.

"இன்னும் தூள் போடலைங்க ஐயா."