நடுவில் ஒரு கறை

"ரம்பத்தைக் கீழ வைங்கண்ணே. கறை போகாம இந்தப் பலகையில கை வெக்க விடமாட்டேன்."

மூத்த மருமகள் சமையல் மேடைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

தச்சர் குனிந்து பார்த்தார். நீளமான மரப்பலகையின் நட்டநடுவில் தட்டளவு கறுப்பு. "போன வாரம்தானேம்மா கறை எடுக்கிற பொடியைக் கரைச்சுத் தேய்ச்சு எடுத்தேன்? ஈர இரும்பு பட்டாத்தான் இந்த மரம் இப்படிக் கறுக்கும். யாரு வெச்சது?"

"அவளக் கேளுங்க."

"என்னை எதுக்குக் கேக்கணும்? பாத்திரத்தைத் துடைச்சு வெக்கிற பழக்கம் அக்காவுக்குத்தான் கிடையாது" என்றாள் இளையவள்.

அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு வாசற்படியில் நின்றிருந்தார்கள். பாகம் பிரித்து, கூடத்தின் நடுவே சுவரும் எழுப்பியாகிவிட்டது. மிச்சம் சமையலறைதான். பலகையை இரண்டாக அறுத்துவிட்டால் அங்கேயும் சுவர் வந்துவிடும். சகோதரர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்பதால் தச்சர்தான் தூதுவர், பாவம்.

"கறையோட சேத்து அறுக்கச் சொல்லுங்க. ஆளுக்குப் பாதி" என்றான் அண்ணன்.

"பாதி என்ன, பொட்டளவு கறைகூட என் பக்கம் வரக்கூடாது. வந்தா அடுப்பைப் பத்தவெக்க மாட்டேன். நீங்களே சமைச்சுக்கங்க" என்றாள் அவன் மனைவி.

"எனக்கும் அதே பேச்சுதான்" என்றாள் இளையவள்.

"அப்போ கறையை மட்டும் வெட்டித் தூர எறியலாம்னு அவர்கிட்ட சொல்லுங்க" என்றான் தம்பி.

"தாராளமா வெட்டுங்க. அந்தத் துண்டு யாரு பங்குலேர்ந்து போகும்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்கண்ணே" என்றாள் மூத்தவள்.

அவ்வளவுதான். என் பங்கா, உன் பங்கா என்று அண்ணனும் தம்பியும் தச்சரைப் பார்த்தே தொண்டை வறளக் கத்தினார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

மூத்தவள் அசையவில்லை. வாழவந்த நாளிலிருந்து அவள் நின்று சமைத்த இடம் அது. வீட்டைப் பிரித்தபோது அவளை ஒரு வார்த்தை கேட்டவர் இல்லை. இன்றைக்கு அவளைக் கேட்காமல் ரம்பம் இறங்காது. நினைக்கும்போதே கொஞ்சம் திமிர் வந்தது. வரட்டுமே, இத்தனை வருஷம் அடங்கிக் கிடந்து என்ன கண்டாள்?

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். "எலியும் பூனையும் ஒரே வீட்டுல எப்படிங்க இருக்கும்? அதுக்குத்தான் சுவரே வெக்கிறோம்."

பாகம் பிரித்த பிறகு முதல்முறையாக, அண்ணன் சொன்னதற்குத் தம்பி தலையாட்டினான்.

தச்சர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பொடிக் கரைசலைத் தடவித் துடைத்தார். கறுப்பு வெளுத்து மரத்தின் நிறம் வந்தது.

"நல்லா காயட்டும். அடுத்த வாரம் வந்து அறுத்துடறேன். அதுவரைக்கும் இதுமேல எதையும் வெக்காதீங்க தாயிங்களா, கும்பிட்டுக் கேக்கறேன்."

அவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். ஆண்கள் இருவரும் ஆளுக்கொரு வாசல் வழியாகப் போனார்கள்.

இளையவள் இரண்டு கதவையும் சாத்திவிட்டு வந்தாள். இரும்புச் சட்டி ஒன்றைத் தண்ணீரில் முக்கியெடுத்து, சொட்டச் சொட்டப் பலகையின் மேல் வைத்தாள்.

மூத்தவள் அதை ஒரு விரலளவு நகர்த்தினாள். "சரியா நடுவுல இருக்கணும்டி. கொஞ்சம் விலகினாலும் கறை ஒருத்தர் பக்கம்னு ஆயிடும், அப்புறம் அறுத்துடுவாங்க."